ஒரே வீட்டில் ஒரே கொரோனா: மனச்சிதைவு உள்ள காக்காவுக்கு மட்டும் ஏன் கடுமையானது?

பெரியபட்டினத்தான்:

அனைவருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன். மருத்துவத் துறையில் இருப்பவர்களும், இத்தகைய நோயாளியை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் விடை சொன்னால் உதவியாக இருக்கும்.

என் காக்காவுக்கு (அண்ணனுக்கு) இப்போது வயது நாற்பத்தைந்து. வாலிபத்தில் தொடங்கிய மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்கு இன்றுவரை மாத்திரை சாப்பிடுகிறார். ஓலன்சபின் என்ற மாத்திரை பலன் தராமல் போனதால், மதுரையில் ஒரு மருத்துவர் குளோசபின் என்ற மாத்திரைக்கு மாற்றினார்; அதற்குப் பிறகுதான் வீட்டில் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குத் தெளிந்தார். கூடவே உடம்பும் பெருத்தது, சுகரும் வந்தது. பீடியை மட்டும் எவர் சொல்லியும் விடவில்லை.

2021 மே மாதம், இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது, எங்கள் வீட்டில் உம்மா, நான், என் மனைவி, காக்கா ஆகிய நான்கு பேருக்கும் கொரோனா வந்தது. எழுபதைத் தாண்டிய உம்மாவே கஷாயமும் பாராசிட்டமாலுமாக வீட்டிலிருந்தே எழுந்துவிட்டார். காக்காவுக்கு மட்டும் நுரையீரல் பாதித்து, ஆக்சிஜன் படுக்கையில் வைத்துத்தான் மீட்க முடிந்தது. காய்ச்சல் வெளியே தெரியும் முன்பே அவர் கருவாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு, "கருவாட்டில் வாசமே இல்லை, எவனோ மருந்து வைத்து வாசத்தை எடுத்துவிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் அழைத்துப் போன இடத்தில் இருந்த மருத்துவர் அதைக் கேட்டுவிட்டு, பழைய நோய் திரும்புகிறது, மனநல மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதனை எடுக்கவே இல்லை. அடுத்த முறை வாகனம் பிடித்துப் போகும்போது காக்காவின் விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் அளவு 86 என்று காட்டியது. அப்போதும் அவர், "எனக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போவோம்" என்றுதான் சொன்னார்.

இப்போது ஊரில் மறுபடியும் காய்ச்சல் சுற்றுகிறது. அதனால் கேட்கிறேன். மனநோய் உள்ளவர்களுக்குக் கொரோனா உண்மையிலேயே கடுமையாக வருமா, அல்லது எங்கள் வீட்டில் நடந்தது தற்செயலா? கடுமையாக வரும் என்றால் அதற்குக் காரணம் நோயா, மாத்திரையா? உறவுக்காரர்கள் பலர், "காய்ச்சல் நேரத்தில் அந்த மாத்திரையை நிறுத்தி வை, அதுதான் நெஞ்சில் சளியைக் கட்டுகிறது" என்கிறார்கள். இதைச் செய்யலாமா?

தேவிபட்டினம் செவிலியர்:

தம்பி, வ அலைக்கும் ஸலாம். நான் அரசுப் பணியில் மனநலப் பிரிவில் நெடுங்காலமும், கடைசியில் கொரோனா வார்டிலும் இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு பக்கத்தையும் பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் நடந்ததைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் ஆறு கோடிக்கும் மேற்பட்டோரின் மின்னணு மருத்துவப் பதிவுகளை வைத்து வாங், சூ, வோல்கோவ் ஆகிய மூவர் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், அண்மையில் மனநோய் கண்டறியப்பட்டுக் கொரோனாவும் வந்தவர்களில் 27.4 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள்; மனநோய் இல்லாத கொரோனா நோயாளிகளில் அது 18.6 விழுக்காடு. இறந்தவர்கள் முறையே 8.5, 4.7 விழுக்காடு. நியூயார்க்கின் ஒரு பெரிய மருத்துவமனைக் குழுமத்தில் 2020 மார்ச் முதல் மே வரை தொற்று உறுதியான 7,348 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, வயது, சுகர், இதய நோய், புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கிலிருந்து கழித்த பிறகும், மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு 2.67 மடங்கு இருந்தது. அவர்கள் பார்த்த காரணிகளில் முதுமைக்கு அடுத்த இடத்தில் நின்றது இதுதான். அதே ஆய்வில் மனச்சோர்வோ பதற்ற நோயோ உள்ளவர்களுக்கு இறப்பு கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "மனநோய்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாரையும் அடைத்துப் பயமுறுத்துவது சரியில்லை. தூக்கம் வரவில்லை என்று மாத்திரை போடும் பெண்மணியும் உங்கள் காக்காவும் ஒரே தட்டில் இல்லை.

ஏன் என்று கேட்டால், நான் முதலில் உடம்பைத்தான் காட்டுவேன். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்பது கொரோனாவுக்கு முன்பே தெரிந்த கணக்கு. அதில் பெரும்பங்கு தற்கொலையால் வருவதில்லை. மாரடைப்பு, சுகர், நுரையீரல் நோய் ஆகியவற்றால் வருகிறது. ஓலன்சபினும் குளோசபினும் பசியைத் தூண்டும், இடுப்புச் சுற்றளவைக் கூட்டும், சுகரை ஏற்றும். பீடி நுரையீரலைத் தின்றுவிடும். கொரோனா எவரைக் கடுமையாகத் தாக்கியது என்ற பட்டியலை எடுத்தால் பருமன், சுகர், புகை இவை மூன்றும் அதில் இருக்கின்றன. உங்கள் காக்கா மூன்றையும் சுமந்துகொண்டுதான் அந்த மே மாதத்துக்குள் நுழைந்தார்.

அடுத்தது, காலதாமதம். நீங்கள் எழுதிய கருவாட்டுச் செய்தியைப் படித்ததும் எனக்கு மனம் பொறுக்கவில்லை. வாசம் போனது உண்மை. கொரோனாவின் தொடக்க அறிகுறி அது. எவனோ எடுத்துவிட்டான் என்ற விளக்கம் மட்டுமே மனச்சிதைவு கொடுத்த விளக்கம். கேட்டவர் விளக்கத்தைப் பிடித்துக்கொண்டு அறிகுறியைக் கைவிட்டுவிட்டார். இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. வயிற்று வலி என்று வருகிற மனநோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் "அவருக்கு எப்போதும் இப்படித்தான்" என்று அனுப்பிவிடுவதை நான் வார்டில் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இந்த நோயாளிகளில் பலர் வலியையும் மூச்சிரைப்பையும் மற்றவர்களைப் போல எடுத்துச் சொல்வதில்லை. கொரோனாவோ, மூச்சு முட்டாமலே இரத்தத்தில் ஆக்சிஜனை இறக்கிவிடக்கூடிய நோய். இரண்டும் சேர்ந்தால், 86-இல் நிற்கும் மனிதர் வீட்டுக்குப் போவோம் என்று சொல்வதில் வியப்பில்லை.

மாத்திரையைப் பற்றி மருந்து தெரிந்தவர்கள் விரிவாக எழுதட்டும். என் பங்குக்கு ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தாதீர்கள்.

தொண்டி கணக்கு வாத்தியார்:

செவிலியர் அம்மா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எண்களைப் படிக்கும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்று தோன்றுகிறது.

அமெரிக்கப் பதிவு ஆய்வில் வரும் 8.5, 4.7 என்ற இரு விழுக்காடுகளும் வயதையோ மற்ற நோய்களையோ கழித்துப் பார்த்தவை அல்ல. இரு கூட்டத்தாரிலும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற நேரடிக் கணக்கு. மனநோய் உள்ளவர்களிடம் சுகரும் இதய நோயும் அதிகம் என்றால், அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி அவற்றைச் சேர்ந்தது. நியூயார்க் ஆய்வு இதைக் கழித்துத்தான் பார்த்தது, ஆனால் அந்த 7,348 பேரில் மனச்சிதைவு வகை நோய் உள்ளவர்கள் 75 பேர் மட்டுமே. 75 பேரை வைத்துக் கிடைத்த 2.67-ஐ, இவ்வளவுதான் என்று கல்லில் வெட்டியது போல எடுத்துக்கொள்ள முடியாது.

அதனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பைத் தேடிப் படித்தேன். 2021-இல் வெளிவந்த ஒரு தொகுப்பு, 22 நாடுகளிலிருந்து வந்த 33 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அதன் கூட்டுக் கணக்கில் கொரோனா நோயாளிகள் 14 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ 44 ஆயிரம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு. அதன்படி இறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்கு. மனச்சிதைவு போன்ற நோய்கள், மனநிலைக் கோளாறுகள், போதைப் பழக்கம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றில் கூடுதல் தெரிந்தது. பதற்ற நோய்க்குத் தெரியவில்லை. ஆகவே எண் ஆட்டம் கண்டாலும் திசை மாறவில்லை. தொற்று வருவதையும் வந்த தொற்று கடுமையாவதையும் பிரித்துப் பார்ப்பது இன்னொரு தேவை. தென்கொரிய நாடளாவிய ஆய்வில் மனநோய் உள்ளவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பு கூடவில்லை. கடுமையான மனநோய் உள்ளவர்களுக்குத் தொற்று வந்தபின் நிலைமை மோசமாகும் வாய்ப்புதான் கூடியிருந்தது. முன்பு சொன்ன அமெரிக்கப் பதிவுகளில் மனநோய் உள்ளவர்களுக்குத் தொற்று வரும் வாய்ப்பே பன்மடங்கு என்று வந்ததற்கு, அங்கே எவர் பரிசோதனைக்குப் போனார், எவருடைய பெயர் பதிவில் ஏறியது என்பதெல்லாம் காரணமாக இருக்கலாம்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது பிரான்சு நாட்டுக் கணக்கு. மருத்துவமனையில் கொரோனாவுக்காகச் சேர்ந்த 50,750 பேரில் 823 பேருக்கு மனச்சிதைவு இருந்தது. அந்த 823 பேரில் 25.6 விழுக்காட்டினர் இறந்தார்கள், மற்றவர்களில் 21.7. ஆனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் எடுத்துச் செல்லப்பட்டவர்கள் மனச்சிதைவு உள்ளவர்களில் 23.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.4 விழுக்காடு. அதிகம் இறக்கும் கூட்டத்தார் தீவிர சிகிச்சைக்குக் குறைவாகவே போயிருக்கிறார்கள். இதை வைரஸின் மீதோ மாத்திரையின் மீதோ முழுதாகப் போட முடியுமா? வாசலில் நின்று எவரை உள்ளே விடுவது என்று தீர்மானித்தவர்களின் கண்ணோட்டமும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்றே நான் படிக்கிறேன்.

தடுப்பூசியிலும் இதே கதைதான். பிரிட்டனில் கடுமையான மனநோய் உள்ளவர்களை முன்னுரிமைப் பட்டியலின் ஆறாவது பிரிவில் சேர்த்தார்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 அக்டோபரில் மனச்சோர்வு உள்ளிட்ட மனநிலைக் கோளாறுகளையும் மனச்சிதைவையும் ஆபத்துக்குரிய நோய்களின் பட்டியலில் ஏற்றியது. நம் நாட்டில் 2021 மார்ச் 1 அன்று 45 முதல் 59 வயது வரையுள்ள இணைநோயாளிகளுக்கு ஊசி தொடங்கியபோது வெளியிட்ட 20 நோய்களில் அறிவுத்திறன் குறைபாடு இருந்தது, மனச்சிதைவு தனியாக இல்லை. பெரியபட்டினத்தாரின் காக்காவுக்கு அப்போது 45 ஆகியிருக்காது. மே 1-இல்தான் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் திறந்துவிட்டார்கள், அதுவும் ஊசி தட்டுப்பாட்டோடு. அதற்குள் அலை வந்துவிட்டது.

ஏர்வாடி ஊர்க்காரர்:

மேலே பேசியதெல்லாம் வீட்டில் இருப்பவர்களைப் பற்றியது. மனநோய் தீர வேண்டும் என்று எங்கள் ஊர்த் தர்காவுக்கு அழைத்து வரப்படுகிறவர்களையும் நினைக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை இங்கே ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. அதன் பிறகு சட்டம் மாறியது; 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை வெளிப்படையாகத் தடை செய்கிறது. தர்காவிலேயே அரசு மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கும் தவா துவா (மருந்தும் பிரார்த்தனையும்) ஏற்பாடும் வந்தது. துவாவுக்கு வருகிறவர் மருந்தோடு திரும்புகிறார். இதில் எவருக்கும் மனத்தாங்கல் இல்லை.

ஆனால் நெருக்கமாக அடைந்து கிடக்கும் இடம் எங்கே இருந்தாலும் தொற்று நோய்க்கு அது வசதியான இடம். 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் செங்டோ என்ற ஊரில் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருந்த நூற்றுச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொரோனா வந்தது. அந்த நாட்டின் முதல் கொரோனா மரணமும் அந்தப் பிரிவில்தான் நிகழ்ந்தது. தரையில் பாய் போட்டு வரிசையாகப் படுக்க வைத்து, சன்னலைச் சாத்தி வைத்தால், தனிமைப்படுத்து என்று சொல்வதற்குப் பொருளே இல்லை. நம் பக்கத்துக் காப்பகம் எதிலாவது உறவினரைச் சேர்த்திருப்பவர்கள், அடுத்த முறை பார்க்கப் போகும்போது படுக்கைகளுக்கு இடையே எவ்வளவு இடம் இருக்கிறது, சன்னல் திறந்திருக்கிறதா, காய்ச்சல் வந்தவரை எந்த அறையில் வைப்பார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பெரியபட்டினத்தான்:

எல்லோருக்கும் நன்றி. செவிலியர் லாத்தா (அக்கா), வாசம் போனது உண்மை, விளக்கம்தான் நோயுடையது என்று நீங்கள் எழுதியதை உம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

இன்னும் ஒரு சந்தேகம். ஆக்சிஜன் படுக்கையில் இருந்தபோது காக்காவுக்கு வாயிலிருந்து எச்சில் ஓயாமல் வழிந்தது. தலையணை உறை ஊறிவிடும். நாக்குக் குழறியது, கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடியும் மூடிக்கொள்வார். அது கொரோனாவின் மயக்கம் என்றார்கள். பீடியும் அங்கே கிடையாது. பிறகு ஒரு மனநல மருத்துவர் தொலைபேசியில் குளோசபினின் அளவைக் குறைக்கச் சொன்னார். அதன் பின் தெளிந்தார். இதை வைத்துத்தான் உறவுக்காரர்கள், "பார்த்தாயா, மாத்திரைதான் காரணம்" என்கிறார்கள்.

மண்டபம் மருந்தாளுநர்:

உங்கள் உறவுக்காரர்கள் கண்டது சரி, எடுத்த முடிவு தவறு. நீங்கள் விவரித்த எச்சில், குழறல், தூக்கம் மூன்றும் இரத்தத்தில் குளோசபின் அளவு ஏறியதற்கான அடையாளங்களாக இருக்கலாம். குளோசபினைக் கல்லீரலில் சிதைக்கும் ஒரு நொதி (என்சைம்) இருக்கிறது. உடம்பில் கடுமையான தொற்று வந்து அழற்சி ஏறும்போது அந்த நொதியின் வேலை மந்தமாகிவிடும். அதே அளவு மாத்திரையைச் சாப்பிட்டாலும் இரத்தத்தில் மருந்து தேங்கும். பீடிப் புகை இதற்கு நேர் எதிராக, அந்த நொதியை முடுக்கிவிடும். ஆகவே நாள்தோறும் பீடி குடிப்பவருக்கு மருத்துவர் கூடுதல் அளவு வைத்திருப்பார். அவர் மருத்துவமனைக்குள் போய்ப் பீடி திடீரென்று நின்றால், நொதி தளர்ந்து மருந்து இன்னும் ஏறும். உங்கள் காக்காவுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்கிறது. நிகோட்டினால் வருவதில்லை இது, புகையால் வருவது. நிகோட்டின் சூயிங்கம் கொடுத்தாலும் மருந்தின் ஏற்றம் நிற்காது. பீடியை விடுவது நல்லதுதான், ஆனால் குளோசபின் சாப்பிடுபவர் மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

இதற்குத் தீர்வு, மாத்திரையின் அளவைக் குறைப்பது. அதையும் மனநல மருத்துவர் செய்ய வேண்டும், உங்களுக்கு அப்படித்தான் நடந்திருக்கிறது. வீட்டில் முழுதாக நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 48 மணி நேரத்துக்கு மேல் குளோசபின் நின்றுவிட்டால், பழைய அளவில் மறுபடியும் தொடங்கக் கூடாது. இரத்த அழுத்தம் சட்டென்று விழும், வலிப்பும் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். அதற்குள் பழைய நோய் கிளர்ந்துவிட்டால், முகக்கவசமும் கிடையாது, தனி அறையும் கிடையாது, ஆக்சிஜன் குழாயைப் பிடுங்கி எறிவார். வாத்தியார் குறிப்பிட்ட அதே தொகுப்பு ஆய்வில் மனச்சிதைவு மருந்துகளும் பதற்றத்துக்கான மருந்துகளும் சாப்பிட்டவர்களிடம் இறப்பு கூடுதலாகத் தெரிந்தது. மனச்சோர்வு மருந்துகளிலும் நேரடிக் கணக்கில் தெரிந்தது, ஆனால் வயது போன்றவற்றைக் கழித்த பிறகு அது நிலைக்கவில்லை. நோய் முற்றியவர்தானே கூடுதல் மருந்து சாப்பிடுகிறார்? அந்தச் சிக்கலைப் பிரித்தெடுக்காமல் மருந்தின் மீது பழி போட்டு நிறுத்துவது, துளை எங்கே என்று பார்க்காமல் தோணியைக் கொளுத்துவது போன்றது. பதற்றத்துக்கான டயசபாம், லோராசபாம் வகை மாத்திரைகள் மட்டும், மூச்சுத் திணறும் நேரத்தில் மூச்சை மேலும் மட்டுப்படுத்தக்கூடும் என்பதால், அளவு விஷயத்தில் மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். அவற்றையும் நெடுநாள் சாப்பிட்டவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால், கொரோனாவோ வேறெதுவோ, அன்றே இரத்த வெள்ளையணுக் கணக்கு எடுக்க வேண்டும். இந்த மருந்து அபூர்வமாக வெள்ளையணுக்களை வீழ்த்திவிடும். முதல் அறிகுறி காய்ச்சலும் தொண்டை வலியும்தான். கொரோனாவுக்கும் அதே அறிகுறிகள் என்பதால், "கொரோனாதான், வீட்டில் இருங்கள்" என்று எவராவது சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது.

எங்கள் தொழிலிலிருந்தே ஒரு குறை சொல்கிறேன். நம் கடற்கரை ஊர்களில் காய்ச்சல் என்று கடைக்கு வந்தால், சீட்டு இல்லாமலே சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக்கைக் கிழித்துக் கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொரோனா வைரஸை அது ஒன்றும் செய்யாது. நான் மேலே சொன்ன அதே நொதியை அது தடுத்து, குளோசபினை ஏற்றிவிடும். ஃப்ளூவாக்சமின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் அப்படித்தான், இன்னும் வலுவாக. அதைக் கொரோனாவுக்கே கொடுத்துப் பார்த்த ஆய்வு பிரேசிலில் நடந்து, கொஞ்ச காலம் கைப்பேசிச் செய்திகளில் பரவியது. உங்கள் காக்காவுக்கு அந்த யோசனையை எவராவது கொண்டுவந்தால் ஏற்காதீர்கள். ரிட்டோனவிர் சேர்ந்த கொரோனா மாத்திரையும் குளோசபின், குவெட்டியபின் போன்ற மனச்சிதைவு மருந்துகளோடு மோதும்.

படிக்கும் மற்றவர்களுக்காக லித்தியத்தையும் சொல்கிறேன். இருதுருவக் கோளாறுக்கு (பைபோலார்) லித்தியம் சாப்பிடுபவர் காய்ச்சலில் வியர்த்து, வயிற்றுப்போக்கும் சேர்ந்து, தண்ணீர் வற்றிவிட்டால், இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறும். கை நடுக்கம் கூடுவது, வாந்தி, நடை தள்ளாடுவது ஆகியவை தெரிந்தால் இரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். உடம்பு வலிக்கு இபுபுரூஃபனும் டிக்லோஃபெனாக்கும் கூடாது, லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுவதை அவை குறைத்துவிடும், பாராசிட்டமால் போதும். நோன்பு மாதத்தில் காய்ச்சல் வந்த லித்தியக்காரர் அன்று நோன்பு பிடிக்கலாமா என்று கேட்டால், நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது.

தேவிபட்டினம் செவிலியர்:

மருந்தாளுநர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆக்சிஜன் குறைந்த கொரோனா நோயாளிக்குக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி உயிர் காப்பது, அதை மறுக்கக் கூடாது. ஆனால் அது சுகரை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும், சிலருக்கு மனநிலையையே கிளப்பிவிடும். மனநோய் உள்ளவர் அந்த ஊசியில் இருக்கும்போது இரவெல்லாம் விழித்துப் பேசினால், பழைய நோய் என்று கட்டிலோடு கட்டாமல், ஊசியையும் காரணமாக எண்ணிப் பார்க்கும்படி வார்டில் சொல்லுங்கள்.

தம்பி, காய்ச்சல் என்றால் காக்காவின் வார்த்தையை மட்டும் நம்பி உட்காராதீர்கள். காலையிலும் மாலையிலும் விரலில் கருவியை மாட்டி, எண் நிலைக்கும்வரை பொறுத்திருந்து எழுதி வையுங்கள். விரல் சூடாக இருக்கட்டும், மருதாணி பூசிய விரலைத் தவிர்த்துவிடுங்கள். கறுத்த தோலில் அந்தக் கருவி சில நேரம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்று ஆய்வுகள் சொல்வதால், நம் ஆட்களுக்கு 94 என்று நின்றாலே நான் கிளம்பச் சொல்வேன். சாப்பாட்டைத் தள்ளுவது, வழக்கமான பீடியைக் கேட்காமல் இருப்பது, கழிவறைக்குப் போகும் வழியில் உட்கார்ந்துவிடுவது, இவையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லாத அறிகுறிகள். அவரோடு வாழ்கிற உம்மாவுக்குத்தான் இவை முதலில் தெரியும். உம்மா சரியில்லை என்று சொன்னால் அதையே ஒரு பரிசோதனை முடிவாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியபட்டினத்தான்:

மாத்திரை பெயர், அளவு, பீடி எத்தனை, சுகர் மாத்திரை, மனநல மருத்துவரின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி வைக்கிறேன். மறுபடியும், "இது மனநோய், இங்கே பார்க்க மாட்டோம்" என்று எவராவது திருப்பி அனுப்பினால் என்ன சொல்வது?

தொண்டி கணக்கு வாத்தியார்:

ஊர்க்காரர் குறிப்பிட்ட அதே 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். உடல் நோயாளிக்கு எந்த அவசர சிகிச்சை, எந்த ஆம்புலன்ஸ், எந்தத் தரத்தில் கிடைக்கிறதோ, மனநோய் உள்ளவருக்கும் அதே கிடைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. சட்டம் பேசினால் சிலருக்குக் கோபம் வரும்; ஆகவே முதலில் "மூச்சுக்காக வந்திருக்கிறோம், ஆக்சிஜன் அளவு இவ்வளவு" என்று எண்ணைச் சொல்லித் தொடங்குங்கள், மனநோயை இரண்டாவதாகச் சொல்லுங்கள். மறைக்கச் சொல்லவில்லை, மருந்தாளுநர் எழுதிய காரணங்களுக்காக மாத்திரையின் பெயர் அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். வரிசையை மட்டும் மாற்றச் சொல்கிறேன்.

மண்டபம் மருந்தாளுநர்:

அந்தத் தாளில் குளோசபின் கடைசியாக எந்த நாள், எந்த நேரம் சாப்பிட்டார் என்பதற்கும் ஓர் இடம் விட்டு வையுங்கள். 48 மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்கும். இரவு நேரத்தில் மனநல மருத்துவர் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். மூச்சுத் திணறல் என்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் நேரத்தில் கேளுங்கள்.